கல்லீரலில் பிழைபட்ட புள்ளிகள்

பிரசவ வேளையில் தாயின் இரத்தத்திலிருந்து சிசுவின் உடலுக்குள் புகுந்து, காய்ச்சலோ காமாலையோ ஏதும் காட்டாமல் கல்லீரலில் குடியேறி, அக்குழந்தை வளர்ந்து, பள்ளி சென்று, தொழில் கற்று, மணம் முடித்து, நாற்பதையோ ஐம்பதையோ கடக்கும் வரையில் ஒரு தொந்தரவும் தராமல் உடனுறைந்திருந்து, பிறகு ஒரு நாள் வலது விலாவின் கீழ் கனக்கும் கட்டிக்குக் காரணமாகிவிடும் இயல்பு ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு உண்டு. எல்லோருக்கும் அவ்வாறு நேர்வதில்லை. அதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் கல்லீரல் புற்றுநோயைக் காணாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். ஆயினும் இரண்டுக்கும் உள்ள சம்பந்தம் எவ்வளவு நெருக்கமானது என்பதைத் தைவான் தீவில் பால்மர் பீஸ்லி என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய துணைவர்களும் நடத்திய ஆராய்ச்சி ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியது. 22,707 ஆண்களின் இரத்தத்தைச் சோதித்து, வைரஸ் உள்ளவர், இல்லாதவர் என இரு பிரிவாக்கி, ஆண்டுக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்து வந்த அவர்கள் 1981-ல் தம் கணக்கை வெளியிட்டபோது, கல்லீரல் புற்றுநோயால் இறந்த 41 பேரில் 40 பேர் வைரஸைச் சுமந்தவர்களாக இருந்தனர். அந்நோய் வரும் அபாயம் சுமப்பவருக்கு மற்றவரைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவுகூட இதற்கு முன் சிறிதாகிவிடுகிறது.

காரணம் இன்னதென்று தெரிந்துவிட்டது. அது காரியமாகும் வழி மட்டும் தெரியவில்லை. கோழிகளில் புற்றை உண்டாக்கும் ரௌஸ் வைரஸைப் போன்றவை, உயிரணுவை அடக்கமின்றிப் பெருகச் செய்யும் ஜீன் ஒன்றைத் தம்முடனேயே கொண்டுவருகின்றன. ஆகையால் அவை புகுந்த சில வாரங்களிலேயே கட்டி எழுந்துவிடும். ஹெபடைடிஸ் பி வைரஸிடம் அத்தகைய ஜீன் இல்லை. அது தன் டி.என்.ஏ.வின் துணுக்குகளை மனித டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடுகிறது என்பது 1980-ஆம் ஆண்டையொட்டியே தெரியவந்தது. செருகப்பட்ட இடம் சில கட்டிகளில் வளர்ச்சியைத் தூண்டும் ஜீனுக்கு அருகிலேயே அமைந்து, நோய்க்கு நேர்க்காரணமாகவும் ஆகிவிடுகிறது. ஆனால் அவ்விடம் கட்டிக்குக் கட்டி வேறுபடுகிறபடியால், அதை மட்டும் கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. முப்பது நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் ஒரு காரியத்துக்கு, சிறுகச் சிறுகச் சேரக்கூடியதும், உயிரணு இரண்டாகப் பிரியும்போது பரம்பரையாகத் தொடரக்கூடியதும், ஆனால் மரபெழுத்துகளில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டாததுமான ஒரு காரணத்தையும் தேட வேண்டியிருந்தது.

அத்தகைய காரணம் ஒன்று உண்டென்பதைத் தமிழெழுத்தை அறிந்தவருக்கு விளக்குவது எளிது. ககரத்தின் தலையில் ஒரு புள்ளி ஏறினால் அதனுள் உறையும் அகரம் ஒடுங்கிவிடுகிறது; எழுத்து அதே எழுத்துத்தான், ஆனால் அதன் குரல் அடங்கிவிடுகிறது. டி.என்.ஏ.விலும் ஏறத்தாழ இத்தகைய புள்ளியிடும் வழக்கம் உண்டு. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு எழுத்துகளில், குவானினுக்கு முன்னால் சைட்டோசின் நிற்கும் இடங்களில், அந்தச் சைட்டோசின் வளையத்தின் ஐந்தாம் ஸ்தானத்தில், ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கூடிய மெத்தில் தொகுதி சென்று ஒட்டிக்கொள்கிறது. மனித டி.என்.ஏ.வில் இவ்வாறு சைட்டோசினும் குவானினும் அடுத்தடுத்து நிற்கும் இடங்கள் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் உள்ளன. அவற்றில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவை புள்ளி பெற்றவை. புள்ளி பெறாதவை பெரும்பாலும் ஜீன்களின் தொடக்கத்தில் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. அவற்றைத் தீவுகள் என்பது ஆராய்ச்சியாளர் வழக்கு. ஒரு தீவு புள்ளியின்றி இருக்குமாயின் அதை அடுத்த ஜீன் பேசலாம். தீவு முழுவதும் புள்ளியேறிவிட்டால் ஜீன் மௌனமாகிவிடும். மூளையணுவும் கல்லீரல் அணுவும் ஒரே டி.என்.ஏ.வை வைத்துக்கொண்டு இருவேறு பிழைப்பு நடத்துவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

இப்புள்ளிகள் உயிரணுவின் பரம்பரைச் சொத்தாக இறங்கக்கூடும் என்று 1975-ல் ராபின் ஹாலிடேயும் ஜான் பியூவும் ஒருபுறமும், ஆர்தர் ரிக்ஸ் மற்றொருபுறமும், ஒருவரையொருவர் சாராமல் எழுதினார்கள். அவர்கள் அனுமானித்த என்சைம்கள் பின்னர் ஒவ்வொன்றாகக் கைக்குக் கிடைத்தன. டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய இழையில் உள்ள புள்ளிகளைப் பார்த்துப் புதிய இழையில் அவற்றைப் படியெடுப்பது டி.என்.எம்.டி.1 என்னும் என்சைம்; இதைக் காப்பு என்சைம் என்று அழைப்போம். இதுவரை புள்ளியில்லாத இடத்தில் புதிதாக இடுபவை டி.என்.எம்.டி.3ஏ, டி.என்.எம்.டி.3பி என்னும் இரண்டு. இவை இடும் மெத்தில் தொகுதி, நாம் உண்ணும் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து பெறப்படுகிறது. அதைத் தயாரித்துக் கொடுக்கும் பிரதான ஸ்தலம் கல்லீரலே. எலிகளுக்கு மெத்தியோனினும் கோலீனும் இல்லாத உணவை நெடுநாள் ஊட்டிவந்தால், புற்றை விளைவிக்கும் ரசாயனம் எதையும் கொடாமலே, அவற்றின் கல்லீரலில் கட்டிகள் எழுகின்றன என்பது வைரஸ் ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத வேறொரு துறையார் நெடுங்காலமாக அறிந்திருந்த விஷயம். புள்ளிக் கணக்குப் பிசகினால் முதலில் துன்புறும் அவயவங்களில் கல்லீரலும் ஒன்று என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

இனி வைரஸின் பக்கம் வருவோம். 1960-களில் பரூக் பிளம்பர்க் என்பவர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவருடைய இரத்தத்தில் கண்ட விசித்திரமான புரதம், இவ்வைரஸின் மேலுறை என்று பின்னர் தெளிவாகி, 1976-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. (இதே பிளம்பர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் முதலியோருடன் கூடி, நம் நாட்டார் காமாலைக்கு அரைத்துக் குடிக்கும் கீழாநெல்லியை இவ்வைரஸுக்கு எதிராகப் பரிசோதித்து 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதினார் என்பது தமிழர் பலர் அறியாத செய்தி. முதல் முடிவு மிகுந்த நம்பிக்கை தந்தது. வேறிடங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது அது நிலைக்கவில்லை.) வைரஸின் டி.என்.ஏ. வியப்பூட்டும்படி சிறியது: நம்முடையது ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டதாயிருக்க, அதனுடையது சுமார் 3,200 எழுத்துகள் கொண்ட ஒரு வட்டம். இடம் போதாமையால் ஒரே எழுத்து வரிசையை வெவ்வேறு இடத்திலிருந்து படிக்கத் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு ஜீன்களை அது அடக்கி வைத்திருக்கிறது. மேலுறைக்கு ஒன்று, உட்கூட்டுக்கு ஒன்று, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் என்சைமுக்கு ஒன்று போக, நான்காவதாக நிற்பது எக்ஸ் என்னும் ஜீன். அது விளைவிக்கும் புரதம் 154 அமினோ அமிலங்களே கொண்ட சிறு துண்டு. கட்டிகளில் வைரஸின் மற்றப் பகுதிகள் சிதைந்து மறைந்த பின்பும், மனித டி.என்.ஏ.வில் செருகுண்ட துணுக்குகளில், சில வேளை வால் அறுபட்ட நிலையிலேனும், இந்த எக்ஸ் ஜீன் எஞ்சி நிற்பதைப் பலரும் கண்டனர்.

1991-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஒரு பரிசோதனை, எக்ஸ் ஜீனை மட்டும் புகுத்தி வளர்த்த எலிகளின் கல்லீரலில் புற்று எழுந்ததைத் தெரிவித்தது. வேறு ஆராய்ச்சிசாலைகளில் வளர்த்த இவ்வகை எலிகள் சிலவற்றுக்குத் தானாகப் புற்று வரவில்லை. ஆனால் புற்றை விளைவிக்கும் ரசாயனத்தைக் கொடுத்தபோது, சாதாரண எலிகளைவிட அதிகமாக அவை நோயுற்றன. எக்ஸ் தனியே நின்று கொலை செய்வதைவிடக் கொலைக்கு வழி திறந்துவிடும் சுபாவம் உடையது என்றே நான் இவ்விரு முடிவுகளையும் சேர்த்துப் படிக்கிறேன். அது டி.என்.ஏ.வை நேரே பற்றும் புரதமும் அன்று. வேறு புரதங்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் வாயிலாகவே தன் காரியத்தை நடத்துகிறது.

அவ்வாறு அது பற்றும் வழிகளில் ஒன்று, தென்கொரியாவின் புசான் நகரில் கியுங் லிப் ஜாங் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் 2007-ல் வெளியிட்டது. அதைச் சற்று நின்று பார்ப்பது தகும். உயிரணு பிரிவதற்கு முன் அதைத் தடுத்து நிறுத்தும் புரதங்களில் பி16 என்பது முக்கியமானது. அது சைக்ளின் டி1 என்னும் புரதத்தோடு கூடி இயங்கும் என்சைம்களை அடக்கி வைக்கிறது. அடக்கம் நீங்கினால் அவ்வென்சைம்கள் ஆர்.பி. என்னும் காவற்புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பாஸ்பேட் ஏறிய ஆர்.பி., அதுவரை தான் பிடித்து வைத்திருந்த இ2எஃப்1 என்பதை விட்டுவிடுகிறது. விடுபட்ட இ2எஃப்1, டி.என்.ஏ.வை இரட்டிப்பதற்கு வேண்டிய ஜீன்களையெல்லாம் எழுப்பிவிடுகிறது. அந்த ஜீன்களுள் காப்பு என்சைமின் ஜீனும் ஒன்று, டி.என்.ஏ. இரட்டிக்கும்போது புள்ளிகளையும் படியெடுக்க வேண்டியிருப்பதால் இது இயற்கையான ஏற்பாடே. எக்ஸ் புரதம் செய்வது, சைக்ளின் டி1-ஐப் பெருக்கி இச்சங்கிலியின் முதற்கண்ணியை அசைத்துவிடுவது மட்டும். அதன் பயனாக அளவுக்கு மிஞ்சிப் பெருகிய காப்பு என்சைம், தன் கடமையாகிய படியெடுப்போடு நில்லாமல், பி16 ஜீனின் தொடக்கத்தில் இருக்கும் தீவின்மேல் புள்ளிகளைக் குவிக்கிறது. பி16 மௌனமாகிறது, மௌனமாகவே சைக்ளினை அடக்குவார் இல்லை, அடக்குவார் இன்மையால் இ2எஃப்1 மேலும் விடுபடுகிறது, காப்பு என்சைம் மேலும் பெருகுகிறது. தொடங்கிவைத்த எக்ஸ் பிறகு குறைந்தாலும் இந்த விஷச் சக்கரம் தன் விசையிலேயே சுழலக்கூடும் என்பதுதான் இதில் அஞ்சத்தக்க அம்சம்.

காப்பு என்சைம் பெருகுவதால் வாயடைபடும் மற்றொரு ஜீன் இ-கேட்ஹெரின். பக்கத்துப் பக்கத்து அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் புரதம் அது. அதை இழந்த அணு தன் அண்டையாரை விட்டுக் கழன்று வேறிடம் போகத் துணிகிறது.

இவ்வளவில் விஷயம் முடிந்திருந்தால், எக்ஸ் புரதம் புள்ளிகளைப் பெருக்குகிறது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அதே 2007-ல் கொரியாவின் வேறொரு குழுவினர், எக்ஸ் உள்ள அணுக்களில் டி.என்.எம்.டி.1-உம் 3ஏ-யும் பெருகியிருக்க, 3பி மட்டும் குறைந்திருப்பதைக் கண்டனர். பெருகியவற்றின் விளைவாக, இன்சுலின் போன்ற ஒரு வளர்ச்சிக் காரணியைப் பிடித்துக் கட்டுப்படுத்தும் ஐ.ஜி.எஃப்.பி.பி.-3 என்னும் புரதத்தின் ஜீனில் புள்ளிகள் ஏறியிருந்தன. குறைந்ததன் விளைவாக, குரோமோசோமின் நடுக்கட்டை ஒட்டித் திரும்பத் திரும்ப வரும் சாட்டிலைட்-2 என்னும் வரிசைகளில் இருக்க வேண்டிய புள்ளிகள் உதிர்ந்திருந்தன. ஒரே அணுவில், ஒரே புரதத்தின் வேலையால், பேச வேண்டிய ஜீன்கள் ஊமையாகவும், ஊமையாகக் கிடக்க வேண்டிய வரிசைகள் கட்டவிழவும் நேர்கின்றன. 3பி இல்லாவிட்டால் சாட்டிலைட்-2 புள்ளியிழக்கும் என்பதற்கு இயற்கையே ஒரு சாட்சி வைத்திருக்கிறது: டி.என்.எம்.டி.3பி ஜீனில் பிறவிப் பிழையுள்ள அரிய நோயாளரின் இரத்த அணுக்களில், அதே வரிசைகள் புள்ளியற்றுப் போய், குரோமோசோம்கள் அந்த இடங்களிலேயே நீண்டும் முறிந்தும் ஒட்டிக்கொண்டும் காணப்படுகின்றன. புற்றணுக்களில் புள்ளிகள் மொத்தத்தில் குறைந்திருப்பதை ஃபைன்பெர்க்கும் வோகல்ஸ்டைனும் 1983-லேயே காட்டியிருந்தார்கள். அக்குறைவு ஏன் தீங்காகும் என்பதை இந்த முறிவுகள் சொல்கின்றன.

புள்ளிகளை எவ்வாறு பார்க்கிறார்கள் என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே, ஏனெனில் எந்த நுண்பெருக்கியிலும் அவை தெரிவதில்லை. சிட்னி நகரில் மரியான் ஃபிரோமரும் அவருடைய தோழர்களும் 1992-ல் வெளியிட்ட உபாயமே இன்றைக்கும் அடிப்படை. அறுவை செய்து எடுத்த கட்டியிலிருந்து ஒரு துண்டும், கட்டிக்கு அப்பால் தழும்பேறிக் கிடக்கும் கல்லீரலிலிருந்து ஒரு துண்டும் எடுத்து, இரண்டின் டி.என்.ஏ.வையும் பிரித்து, காரத்தில் இட்டு இழைகளை விலக்கி, சோடியம் பைசல்ஃபைட் கரைசலில் மணிக்கணக்காக வெதுவெதுப்பில், ஒளி படாமல் ஊறவைக்கிறார்கள். புள்ளியில்லாத சைட்டோசின் அந்த உப்புக்கு இளகி யுராசிலாக மாறிவிடுகிறது. புள்ளியுள்ள சைட்டோசின் அசையாமல் நிற்கிறது. பிறகு பி.சி.ஆர். முறையில் பெருக்கி எழுத்தெழுத்தாகப் படித்தால், மாறிய எழுத்து தைமினாகவும் மாறாதது சைட்டோசினாகவும் வெளிப்படும். படிக்கும் இயந்திரம் தைமினைச் சிவப்புச் சிகரமாகவும், சைட்டோசினை நீலச் சிகரமாகவும், குவானினைக் கறுப்பாகவும் வரைவது வழக்கம். புள்ளியேறாத தீவில் கறுப்புச் சிகரங்களுக்கு முன்னால் வரிசையாகச் சிவப்பே நிற்கும். புள்ளியேறிய தீவில் ஒவ்வொரு கறுப்புக்கும் முன்னால் ஒரு நீலம் நிமிர்ந்து நிற்கும். சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில் அரைகுறையாகக் கலந்து நின்றால், அத்துண்டில் நல்ல அணுவும் கெட்ட அணுவும் கலந்திருக்கின்றன, அல்லது மாற்றம் பாதிவழியில் இருக்கிறது என்று பொருள் கொள்வர். தழும்பேறிய பகுதியிலேயே, அதாவது கட்டியாக இன்னும் மாறாத இடத்திலேயே, சில ஜீன்களின் முன் நீலச் சிகரங்கள் சிறிதளவு தலைகாட்டுவது உண்டு. புள்ளிப்பிழை புற்றுக்கு முந்தியது, பிந்தியதன்று என்று நம்புவோர் முதலில் நீட்டும் சான்று இதுவே.

ஒரு வைரஸ் தனக்கு இடங்கொடுத்தவரின் மரபேட்டில் இவ்வாறு கைவைப்பானேன் என்னும் வினா இயல்பாகவே எழுகிறது. வீட்டுக்காரனைக் கொல்வதால் குடியிருப்பவனுக்கு லாபம் இல்லை. எக்ஸ் புரதத்தின் உண்மையான தொழில் வேறென்பதை 2016-ல் ஜெனீவாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களின் கட்டுரை ஒன்று தெளிவாக்கியது. வைரஸின் வட்ட டி.என்.ஏ. கல்லீரல் அணுவின் கருவுக்குள் நுழைந்ததும், அணுவின் சொந்தப் புரதக் கூட்டமாகிய எஸ்.எம்.சி.5/6 அதன்மேல் வந்து அமர்ந்து அதைப் பேசவிடாமல் செய்கிறது. எக்ஸ் புரதமோ, டி.டி.பி.1 என்னும் மற்றோர் அணுப்புரதத்தைத் துணைக்கொண்டு, அந்தக் காவலரை அழிவுக்கு உரியவராக முத்திரையிட்டு அப்புறப்படுத்துகிறது. தன் வாய்க்கட்டை அவிழ்ப்பதற்காக வந்த புரதம், போகிற போக்கில் வீட்டுக்காரரின் வாயைக் கட்டிவிடுகிறது என்றால், இரண்டாவது செயல் அதன் நோக்கமன்று, பக்கவிளைவே என்பது பெறப்படும்.

பக்கவிளைவு எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு, 2010-ல் பெருமாள் விவேகானந்தனும் உடனாய்வாளர்களும் எழுதிய கட்டுரை தரும் விளக்கமே எனக்கு எல்லாவற்றினும் பொருத்தமாகத் தோன்றுகிறது. வைரஸ் பெருகும் அணுக்களில் மெத்திலேற்றும் என்சைம்கள் பெருகுவதை அவர்கள் கண்டனர். அவ்வென்சைம்கள் வைரஸின் டி.என்.ஏ.வின்மேலேயே புள்ளிகளை ஏற்றி அதன் பெருக்கத்தைக் குறைப்பதையும் கண்டனர். அதாவது அந்நியமான டி.என்.ஏ.வைப் புள்ளியிட்டு ஊமையாக்குவது அணுவின் தற்காப்பு. இது புதிய தந்திரமும் அன்று: நம் டி.என்.ஏ.வில் நூற்றுக்கு எட்டுப் பங்கு, என்றோ நம் முன்னோருடைய உடலில் புகுந்து தங்கிவிட்ட பழைய வைரஸ்களின் எச்சம். அவற்றை இன்றளவும் அடக்கி வைத்திருப்பதில் இந்தப் புள்ளிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் வைரஸை நோக்கி ஓங்கிய கை அதனோடு நிற்பதில்லை. அணுவின் சொந்தத் தீவுகளிலும் புள்ளிகள் ஏறிவிடுவதை அவர்கள் அதே அணுக்களில் கண்டார்கள். இந்தக் கருத்தின்படி, எக்ஸ் புரதம் என்சைம்களைத் தூண்டுகிறது என்பதும், அணு தற்காப்புக்காக என்சைம்களைப் பெருக்குகிறது என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. நோய்க்குரிய பிழையில் வைரஸின் பங்கு இவ்வளவு, நம் பங்கு இவ்வளவு என்று பிரிப்பது, நெடுநாள் நடந்த கலகத்தில் முதற்கல்லை எறிந்தவர் யார் என்று தேடுவதைப் போலச் சிக்கலாகிவிடுகிறது.

ஹெபடைடிஸ் சி வைரஸை இங்கே நினைப்பது பயன்தரும். 1989-ல் அடையாளம் காணப்பட்ட இவ்வைரஸ் டி.என்.ஏ.வே இல்லாதது, ஏறத்தாழ 9,600 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. மட்டுமே அதன் செல்வம். அது மனித டி.என்.ஏ.வுக்குள் செருகுண்பதும் இல்லை. ஆயினும் அதன் உட்கூட்டுப் புரதத்தைக் கல்லீரல் அணுக்களில் புகுத்தினால் டி.என்.எம்.டி.1-உம் 3பி-யும் பெருகி, இ-கேட்ஹெரின் ஒடுங்குவதை அதே புசான் குழுவினர் கண்டனர். ஒன்றுக்கொன்று எவ்வித உறவும் இல்லாத இரண்டு வைரஸ்கள் ஒரே அவயவத்தில் ஒரே ஜீனை ஊமையாக்குகின்றன என்றால், அவ்விரண்டுக்கும் பொதுவாக உள்ளதைத் தேடத்தான் வேண்டும். பொதுவாக உள்ளது நெடுநாள் அழற்சி. மனிதக் கல்லீரல் அணுக்களை எலியின் கல்லீரலில் குடியேற்றி, அவற்றுக்கு இவ்வைரஸ்களைத் தொற்றவைத்துச் செய்த பரிசோதனை ஒன்று 2014-ல் வெளிவந்தது. வைரஸை எதிர்க்கும் இயற்கைக் கொல்லி அணுக்களின் வேலையை அடக்கியபோது புள்ளிப்பிழைகளும் குறைந்தன என்று அது தெரிவிக்கிறது. நோயை எதிர்க்கும் படையே ஏட்டைக் கெடுப்பதில் பங்காளி என்பதற்கு இது மற்றொரு சாட்சி.

இவற்றையெல்லாம் படிக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு குறை உண்டு. எக்ஸ் புரதத்தைப் பற்றிய முடிவுகளில் பெரும்பகுதி, ஹெப்-ஜி2 போன்ற அணுக்களில் அதை ஏராளமாகப் புகுத்திப் பெற்றவை. ஹெப்-ஜி2 என்பது பதினைந்து வயதுச் சிறுவனின் கல்லீரல் கட்டியிலிருந்து பெற்று, பல்லாண்டுகளாகக் கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கப்பட்டு வரும் வம்சம். அது முன்னமே புற்றணு. புற்றாகிவிட்ட அணுவில், இயற்கையில் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகமான எக்ஸ் புரதத்தை ஊற்றி, அதில் விளைந்ததைப் புற்றின் தொடக்கமென்று காட்டுவதில் நிதானம் வேண்டும். ஐ.ஜி.எஃப்.பி.பி.-3 ஜீனையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2007-ல் எக்ஸ் அதன்மேல் புள்ளியை ஏற்றுகிறது என்றார்கள், 2009-ல் வேறொரு குழுவினர், எக்ஸ் டி.என்.எம்.டி.3ஏ-யைக் கைப்பிடித்துச் சில ஜீன்களிடம் அழைத்துச் செல்கிறது, வேறு சிலவற்றிடமிருந்து விலக்கிவிடுகிறது என்று காட்டி, விலக்கப்பட்டவற்றில் இதே ஜீனைச் சேர்த்தார்கள். அணுவின் நிலை வேறாயின் முடிவும் வேறாகலாம். எக்ஸ் எந்த ஜீனை என்ன செய்கிறது என்ற பட்டியலைவிட, புள்ளியிடும் கையின் பிடியை அது தளர்த்தியும் திருப்பியும் விடுகிறது என்ற பொதுச் செய்தியையே நான் உறுதியாகக் கொள்வேன். வயது ஏறுவதாலும், பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் விளையும் அஃப்லாடாக்ஸின் நஞ்சாலும், மதுவாலும் கல்லீரல் கெடுவது தனிக்கதை. உண்மையான நோயாளியின் உடலில் இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

புள்ளி ஏறியதை இறக்கிவிடலாமே என்று தோன்றும். அசசைட்டிடின், டெசிட்டபின் என்னும் மருந்துகள் அந்தக் காரியத்தைச் செய்கின்றன, டி.என்.ஏ.வுக்குள் சைட்டோசினைப் போல் வேஷமிட்டு நுழைந்து, தம்மைத் தொடும் என்சைமைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இரத்த அணுக்களைச் சேர்ந்த சில நோய்களில் அவை நல்ல பயன் தந்து, 2004-லும் 2006-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. கல்லீரல் கட்டியில் அவை அத்தகைய வெற்றி பெறவில்லை. அவை இடம் பார்த்துப் புள்ளியை நீக்குவதில்லை. பி16-இன் மேல் ஏறிய பிழைப் புள்ளியோடு, சாட்டிலைட் வரிசைகளில் இருக்கவே வேண்டிய புள்ளியும் போகும். அணு வைரஸின்மேல் இட்ட காவற்புள்ளியும் போகும். அதைக்காட்டிலும் பயன் நெருங்கி வந்திருப்பது நோயறிதலில். இறக்கும் புற்றணுக்களின் டி.என்.ஏ. துணுக்குகள் இரத்தத்தில் மிதக்கின்றன. அவை தம் பிழைப் புள்ளிகளையும் சுமந்துகொண்டே மிதப்பதால், ஒரு குழாய் இரத்தத்திலிருந்து கட்டியை முன்னதாகக் கண்டுகொள்ளும் முறைகள் சீனாவிலும் அமெரிக்காவிலும் உருவாகி வருகின்றன.

தடுப்பூசியின் வெற்றியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பீஸ்லி கணக்கெடுத்த அதே தைவானில் 1984-ல் சிசுக்களுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளில் ஆண்டுதோறும் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்றுநோய், பத்தாண்டுக்குள் 0.36 ஆக இறங்கியது. இந்தியாவில் அந்த ஊசி நாடெங்கும் குழந்தைகளுக்கு உரியதானது 2011-ல்.

எஞ்சுவது, வைரஸை ஏற்கெனவே சுமப்பவர்களின் நிலை. உலகச் சுகாதார நிறுவனம் 2022-க்குக் கொடுத்த மதிப்பீட்டின்படி அவர்கள் 25 கோடியே 40 லட்சம் பேர். டெனோஃபோவிர், என்டெகாவிர் முதலிய மாத்திரைகள் வைரஸ் தன்னைப் படியெடுப்பதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைக் சோதனைக்கு அகப்படாத அளவுக்குத் தாழ்த்திவிடுகின்றன. புற்றுநோயின் அபாயமும் அவற்றால் குறைகிறது, ஆனால் அற்றுப்போவதில்லை. காரணம் மேலே சொன்னவற்றிலிருந்தே புலப்படும்: கருவுக்குள் உட்கார்ந்திருக்கும் வட்ட டி.என்.ஏ.வையோ, செருகுண்ட துணுக்கையோ அம்மாத்திரைகள் தொடுவதில்லை. ஆகவே எக்ஸ் புரதம் பிறந்துகொண்டேயிருக்கலாம். வைரஸே ஒழிந்தாலும் அது விட்ட தடம் போய்விடும் என்பதும் நிச்சயமில்லை: சி வைரஸை முற்றிலும் ஒழிக்கும் மருந்துகள் வந்த பின்பும், குணமானவர்களின் கல்லீரல் அணுக்களில், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேல் நோய்க்கால முத்திரைகள் அழியாமல் இருந்ததை 2019-ல் கண்டார்கள். எக்ஸ் உட்பட, பி வைரஸின் செய்திகளையெல்லாம் பிறக்கும்போதே அழிக்கும் ஆர்.என்.ஏ. மருந்துகள் இப்போது பரிசோதனையில் உள்ளன.

நோய் விட்ட தடங்கள் பின்னால் எளிதில் அழிவதில்லை என்பதால் மருத்துவரிடையே ஒரு பழைய வழக்கம் ஆட்டம் கண்டிருக்கிறது. இளவயதில், இரத்தத்தில் வைரஸ் நிறைந்திருந்தும் கல்லீரல் சோதனைகள் சீராக இருப்பவர்களைப் பொறுதி நிலையினர் என்று பெயரிட்டு, மருந்தின்றிக் காத்திருக்கச் சொல்வது வழக்கம். 2016-ல் அத்தகைய இளைஞர்களின் கல்லீரல் துண்டுகளை ஆராய்ந்தபோது, வைரஸ் அவர்களுடைய டி.என்.ஏ.வில் செருகுண்டிருப்பதும், சில அணுக்கள் மட்டும் தனித்துப் பெருகிக் குலம் பெருக்கியிருப்பதும் தெரியவந்தது. காத்திருக்கச் சொன்ன காலம் சும்மா கழிந்த காலம் அன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட நெறிமுறைகள் மருந்து தொடங்குவதற்குரிய எல்லையை முன்னைவிடத் தளர்த்தி, நெடுநாள் தொற்றுடையவர்களில் பாதிப்பேராவது சிகிச்சைக்கு உரியவராகும்படி செய்திருக்கின்றன. பொறுதி நிலையில் உள்ள இருபது வயதுக்காரருக்கும் உடனே மாத்திரை கொடுத்து ஆயுள் முழுதும் விழுங்கச் செய்வதா என்பதில் மட்டும் மருத்துவர்கள் இன்னும் இரு கட்சியாகவே நின்று வாதாடுகிறார்கள்.